மூப்பர் மைக்கேல் பாரடே

நம் கல்லூரியில் மின்னியல் படித்த எல்லாருக்கும் பாரடேயைத் தெரியும். எந்த அளவுக்கு என்றால், மூன்றாம் செமஸ்டரில் அவருடைய விதியை ஒரு வகுப்பில் முடித்துவிடுவார்கள். வைவாவில் கேட்டால் தடுமாறாமல் சொல்லணும். சொல்லாவிட்டால் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் முறைப்பார். அவ்வளவுதான் எனக்கும் தெரிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து, டிரான்ஸ்பார்மர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த மனிதரின் வாழ்க்கையை ஆற அமரப் படிக்க வாய்த்தது. படித்தபோது என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது விதி அல்ல. லண்டனில் ஒரு சின்னஞ்சிறு சபையின் மூப்பர் அவர் என்பதும், ஞாயிற்றுக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமை லேபுக்குள்ளும் கொண்டுபோனவர் என்பதும்தான். மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்களிடம், அவரைப் பற்றியே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பழைய மாணவர்களுக்கும், இப்போது அதே வைவாவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர். யார்க்‌ஷயர் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக லண்டன் வந்த குடும்பம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பல நாள் உலைக்குப் போக முடியாது. 1801-இல் தானிய விலை ஏறிக் கிடந்தபோது, ஒன்பது வயதுப் பையனுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அம்மா கொடுத்தார்களாம். அதை வைத்துக்கொண்டு ஏழு நாளைத் தள்ளணும். பள்ளிப் படிப்பு எழுத்துக்கூட்டி வாசிக்க, எழுத, கொஞ்சம் கணக்குப் போட என்பதோடு முடிந்தது. அந்தக் கணக்குக் குறை கடைசிவரை தீரவில்லை. நம் மின்காந்தவியல் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரும் சமன்பாடுகளில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. அவர் மனக்கண்ணில் பார்த்த விசைக்கோடுகளைக் கணக்காக மாற்றும் வேலையை 1855 வாக்கில் மேக்ஸ்வெல் என்ற இளைஞர் தொடங்கினார்.

குடும்பம் சாண்டிமானியர் என்ற பிரிவைச் சேர்ந்தது. நம் ஊரில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கமாட்டோம். ஸ்காட்லாந்தில் ஜான் கிளாஸ் என்பவர் அரசுத் திருச்சபையைவிட்டு வெளியே வந்து தொடங்கியது. அவர் மருமகன் ராபர்ட் சாண்டிமன் பரப்பியதால் இந்தப் பெயர். சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. சபையாரிலேயே சிலர் மூப்பர்கள். அவர்கள் வாரம் முழுக்கத் தங்கள் தொழிலைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கிப்பார்கள். காலை ஆராதனைக்கும் மதிய ஆராதனைக்கும் நடுவே எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து உண்டு. பணக்காரர் ஏழை வித்தியாசம் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சூதாடுவது கூடாது. சபை முடிவுகள் ஒருமனதாக இருக்கணும், ஓட்டெடுப்பு இல்லை. எல்லாவற்றையும்விட ஒன்று: பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே என்ற போதனையை அவர்கள் அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டியது இருக்கும்போது பணத்தைக் குவிப்பது பாவம். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதைக்கு இதுதான் சாவி.

13 வயதில் பிளாண்ட்ஃபோர்ட் தெருவில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷம் பைண்டிங் தொழிலில் ஏழு வருஷத்துக்குப் பயிற்சியாளர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைப்பதற்கு முன் படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், திருமதி மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல் புத்தகமும் அப்படிக் கையில் கிடைத்தவைதான். முதலாளி நல்லவர், கடைக்குள்ளேயே சின்னச் சின்னச் சோதனைகள் செய்துபார்க்க விட்டார். மாலை நேர விஞ்ஞான வகுப்புக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தது கொல்லு வேலை பார்த்த அண்ணன் ராபர்ட். நம்மில் எத்தனை பேர் அண்ணன் சம்பளத்தில் செமஸ்டர் பீஸ் கட்டினோம்!

1812-இல் கடைக்கு வரும் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். பாரடே கேட்டார், குறிப்பெடுத்தார், படம் வரைந்தார். ஏறக்குறைய 300 பக்கத்தைத் தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். டேவி பார்த்துப் பாராட்டினாலும், பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள் என்றுதான் முதலில் புத்தி சொன்னார். அதற்குள் லேப் உதவியாளர் ஒருவர் கைகலப்பில் இறங்கி வேலையை இழந்தார். 1813 மார்ச் மாதம் அந்த இடம் பாரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, கரி, மெழுகுவர்த்தி. அந்தக் கட்டிடத்தில்தான் அடுத்த 45 வருஷம் குடியிருந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் டேவி தம்பதியரோடு ஐரோப்பியப் பயணம். டேவியின் வேலைக்காரர் கடைசி நேரத்தில் வரமறுத்ததால் அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி இவரை வேலைக்காரராகவே நடத்தினார். ஆம்பியர் போன்றவர்களை நேரில் பார்த்ததும் இதே பயணத்தில்தான். பின்னாளில் டேவியே ராயல் சொசைட்டித் தலைவராக இருந்துகொண்டு, 1824-இல் பாரடே உறுப்பினராவதை எதிர்த்தார். தேர்தல் நடந்தபோது எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. இவ்வளவுக்குப் பிறகும் டேவியிடம் பட்ட நன்றிக் கடனை பாரடே பேச்சிலும் எழுத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய மேலதிகாரியைப் பற்றி நாம் டீக்கடையில் பேசுவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

1821 ஜூன் மாதம் சாரா பார்னார்டைக் கல்யாணம் செய்துகொண்டார். சாராவின் அப்பா வெள்ளி வேலை செய்பவர், அதே சபையில் மூப்பர். கல்யாண நாளும் மற்ற நாள் மாதிரி ஓசையில்லாமல் கழியணும் என்று பாரடே விரும்பினார். ஒரு மாதம் கழித்து, சபைக்கு முன் நின்று தன் விசுவாசத்தை அறிக்கையிட்டு உறுப்பினரானார். சாராவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது, அது தனக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று பதில் சொன்னாராம். பிறப்பால் வந்த சபைதான். இருந்தாலும் முப்பது வயதை நெருங்கும்போது யோசித்து, தானே எடுத்த முடிவு. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. உறவுக்காரப் பெண் பிள்ளைகள் வீட்டில் வளர்ந்தார்கள்.

இனி 1831. ஆகஸ்டு 29. ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம். இரண்டு பக்கமும் செம்புக் கம்பிச் சுருள்கள். அப்போது இன்சுலேஷன் போட்ட கம்பி கடையில் கிடைக்காது. துணியையும் நூலையும் வைத்துச் சுற்றுக்குச் சுற்று அவரே பிரித்துக் கட்டினார். ஒரு சுருளில் பேட்டரியை இணைத்தார். அடுத்த சுருளருகில் இருந்த ஊசி துள்ளியது. உடனே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. பேட்டரியை எடுத்தபோது மறுபடி ஒரு துள்ளல். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுமில்லை. மாறும்போது மட்டுமே விளைவு. அந்தக் கண நேரத் துடிப்பைக் கோளாறு என்று ஒதுக்காமல் பிடித்துக்கொண்டதுதான் பெரிய விஷயம். அக்டோபர் 28-இல் பெரிய காந்தத்தின் துருவங்களுக்கிடையே செம்புத் தட்டைச் சுழற்றி, தொடர்ந்து ஓடும் மின்சாரத்தையும் எடுத்துவிட்டார். இன்றைக்கு நம் ஊர் சப்ஸ்டேஷனில் உறுமிக்கொண்டு நிற்பது அந்த வளையத்தின் பேரப்பிள்ளைதான். வளையம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கிறது. துணி சுற்றிய அந்தச் சுருள்களைப் படத்தில் பார்த்தாலே நம் வைண்டிங் ஆட்களின் கைதான் ஞாபகம் வரும்.

விசேஷம் இதற்குப் பிறகுதான் நடந்தது. அந்தக் காலத்தில் பாரடே தொழிற்சாலைகளுக்கு வேதியியல் பகுப்பாய்வு செய்து கொடுத்துத் தனியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் அந்த நிறுவனத்தில் வந்த ஜான் டிண்டால், கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்: ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டியிருந்த அந்த வருமானம் 1832-இல் ஏறக்குறைய 155 பவுண்டாக விழுந்தது. வாடிக்கையாளர் வராமல் அல்ல, இவரே குறைத்துக்கொண்டார். சில வருஷங்களில் அது அடியோடு நின்றது. மனசு வைத்திருந்தால் ஆண்டுக்கு ஐயாயிரம் வந்திருக்கும் என்பது டிண்டாலின் கணக்கு. நிறுவனத்தில் வாங்கிய சம்பளமோ அப்போது ஆண்டுக்கு 100 பவுண்டும் வீடும் கரியும்தான். வூல்விச் ராணுவ அகாடமியில் பாடம் சொல்ல 200 பவுண்டு வந்தது. பட்டினி இல்லை, அதைச் சொல்லிவிடணும். ஆனால் கைக்கு எட்டியதைக் கீழே வைத்தார். காப்புரிமையும் எடுக்கவில்லை.

ஆராய்ச்சிக்கு நேரம் வேண்டும் என்பதற்காக விட்டார் என்று டிண்டால் கருதுகிறார். அதே 1832-இல் பாரடே சபையில் உதவிக்காரராக நியமிக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்க்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது. உதவிக்காரரின் வேலையே ஏழைகளுக்கு உள்ள பணத்தைப் பார்த்துக்கொள்வது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது. வாரம்தோறும் கஞ்சிக்கில்லாத வீட்டு வாசலில் நிற்கிறவனுக்கு, தன் பெட்டியில் பணம் குவிவது உறுத்தியிருக்காதா? அவர் தன் கொடைகளைப் பற்றி வெளியே பேசவில்லை. ஆனால் சேர்த்து வைக்கவுமில்லை.

இதைப் படித்த நாட்களில் நான் ஒரு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே டிரான்ஸ்பார்மர் எண்ணெயை டெஸ்ட் செய்யாமலேயே ரிப்போர்ட் போட்டுத் தரச் சொல்வார்கள். எல்லாரும் போடுவதுதானே என்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சாம்பிள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனால், இவன் பெரிய சாமியாரு என்று கேலி. லோன் கட்டணும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டணும், எல்லாம் எனக்கும்தான் இருந்தது. அங்கே எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது; இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் கணக்குப் புத்தகத்தில் இருந்த அந்த 155 என்ற எண் எனக்குத் துணையாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பணிவு என்றால் குனிந்துகொண்டே இருப்பது என்று நினைப்பவர்கள் 1835-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ளணும். விஞ்ஞானிகளுக்கு அரசு ஓய்வூதியம் தரும் ஏற்பாட்டில் பாரடே பெயரும் வந்தது. பிரதமர் மெல்போர்ன் பிரபுவைப் பார்க்கப் போனபோது, இந்த ஓய்வூதியமெல்லாம் வெறும் பித்தலாட்டம் என்ற பொருளில் அவர் பேசிவிட்டார். பாரடே வணக்கம் சொல்லி வெளியே வந்து, அன்றைக்கே மறுப்புக் கடிதம் அனுப்பினார். நடுவில் சிலர் சமாதானம் பேசினார்கள். பிரதமர் எழுத்தில் வருத்தம் தெரிவித்த பிறகுதான் ஆண்டுக்கு 300 பவுண்டை ஏற்றுக்கொண்டார். கொல்லர் மகன்!

1840-இல் மூப்பரானார். பார்பிகன் பகுதியில் பால்ஸ் ஆலி என்ற சந்தில் இருந்தது ஆராதனைக் கூடம். வெள்ளிக்கிழமை மாலை பிரபுக்களும் சீமாட்டிகளும் வண்டி வண்டியாக வந்து கேட்ட அதே மனிதர், ஞாயிறன்று அந்தச் சந்தில் கடைக்காரர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பிரசங்கம் செய்தார். கேட்டவர்கள் எழுதியதைப் பார்த்தால் பிரசங்கம் அப்படியொன்றும் சிறப்பாக இல்லை! வேத வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவாராம். தன் சரக்கு எதையும் சேர்க்கமாட்டாராம். லேபில் காட்டிய சாமர்த்தியத்தை வேதத்தின்மேல் காட்டக்கூடாது என்று நினைத்திருப்பார். அவருடைய வேதாகமம் ஓரமெல்லாம் பென்சில் கோடு போட்ட நிலையில் பிழைத்திருக்கிறது.

அப்படிப்பட்டவரை 1844 மார்ச் கடைசியில் சபை விலக்கிவைத்தது. விக்டோரியா மகாராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்ததால் ஆராதனைக்குப் போகவில்லை, அதற்காக நீக்கினார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. 1991-இல் பாரடேயின் சபை வாழ்க்கை பற்றி ஜெஃப்ரி கேன்டர் எழுதிய புத்தகம், அதே சமயத்தில் இன்னும் பலரும் நீக்கப்பட்டதைக் காட்டுகிறது. சபைக்குள் ஒழுங்கு பற்றி எழுந்த சச்சரவு அது. உலகமே கொண்டாடும் 52 வயது விஞ்ஞானி என்ன செய்திருக்கலாம்? போங்கடா என்று வேறு கோவிலுக்குப் போயிருக்கலாம். லண்டனில் எந்தக் கதவும் திறந்திருக்கும். அவர் போகவில்லை. மனம் வருந்திக் காத்திருந்தார். சுமார் ஐந்து வாரம் கழித்து, மே மாதம் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மூப்பர் பதவி மட்டும் திரும்பக் கிடைக்க 1860 வரை, 16 வருஷம் ஆயிற்று. அத்தனை வருஷமும் சாதாரண உறுப்பினராகவே அங்கே உட்கார்ந்திருந்தார். இதைச் சிலர் அடிமைத்தனம் என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்லத் தோன்றவில்லை. புகழுக்கு முன்னால் வளையாத தலை, கூடச் சாப்பிட்டவர்களின் தீர்ப்புக்கு வளைந்திருக்கிறது.

அந்தக் காலம் உடம்பும் சரியில்லாத காலம். 1839 வாக்கிலிருந்து தலைசுற்றல், மறதி. 1841-இல் ஓய்வுக்காக சுவிட்சர்லாந்து போனார். மூளைதான் களைத்தது, கால்கள் அல்ல. ஒரே நாளில் 45 மைல் நடந்திருக்கிறார். இன்டர்லாக்கனில் ஆணி அடிக்கும் பட்டறையைப் பார்த்துவிட்டு, அப்பா கொல்லர் என்பதையும், கொல்லுப்பட்டறை தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1845-இல் லேபுக்கு முழுசாகத் திரும்பி, காந்தம் ஒளியின் தளத்தைத் திருப்புவதைக் கண்டுபிடித்தார். அதற்கு உதவிய கனமான கண்ணாடி, பல வருஷத்துக்கு முன் பெரிய பலன் தராத ஒரு ஆராய்ச்சிக்காக அவரே உருக்கியது. அந்தக் கண்ணாடி வேலைக்குத்தான் ஓய்வுபெற்ற பீரங்கிப்படை சார்ஜென்ட் ஆண்டர்சன் உதவியாளராக வந்தார். ஒருநாள் வீட்டுக்குப் போ என்று சொல்ல பாரடே மறந்துவிட, விடியவிடிய உலையை எரித்துக்கொண்டு நின்ற மனிதர். கடைசிவரை இவர் கூடவே இருந்தார்.

சபை விலக்கு முடிந்து சில மாதங்களில், 1844 செப்டம்பர் 28-இல், டர்ஹாம் மாவட்டத்து ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து. ஆண்களும் சிறுவர்களுமாக 95 பேர் செத்துப்போனார்கள். அரசு பாரடேயையும் புவியியலாளர் லயலையும் அனுப்பியது. பாரடே சுரங்கத்துக்குள் இறங்கினார். விசாரணையில் சாட்சிகளை அவர் கேட்ட கேள்விகளைப் பார்த்து லயலே அசந்துபோனார். உள்ளே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாராம். நீங்கள் உட்கார்ந்திருப்பதே அதுதான் என்று பதில் வந்ததாம். பக்கத்தில் மெழுகுவர்த்தி! கரி எடுத்த வெற்றிடங்களில் தேங்கும் வாயுவைக் குழாய் வைத்து இழுத்து வெளியேற்றணும், தொழிலாளிகளுக்குக் கல்வி வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். சுரங்க முதலாளிகள் நடைமுறைக்கு ஒத்துவராது என்றார்கள். சேஃப்டி மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல.

1853-இல் லண்டனில் மேசை சுழற்றும் பைத்தியம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து மேசைமேல் கையை வைத்தால் ஆவி வந்து அதை நகர்த்துகிறது என்று நம்பினார்கள். மின்சாரம்தான் காரணம் என்றும் சிலர் சொல்லவே, பாரடே களத்தில் இறங்கினார். இரண்டு பலகை, நடுவே கண்ணாடி உருளைகள், மேல்பலகை நகர்ந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு வைக்கோல் முள். கைதான் தன்னை அறியாமல் தள்ளுகிறது என்பது வெட்டவெளிச்சமானது. முள்ளை அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்ததும் மேசை நகர்வதே நின்றுபோயிற்று! விசுவாசி என்பவர் எதையும் நம்பிவிடுபவர் என்று நினைக்கும் நண்பர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. அதே சமயம், விஞ்ஞானத்தைக் காட்டி வேதத்தை நிரூபிக்கவும் அவர் முயலவில்லை. இரண்டையும் குழைத்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காத காரியம். இயற்கை தேவனுடைய கை வேலை, ஆகவே அதை உள்ளபடி பார்க்கணும், பொய் எழுதக்கூடாது. அவ்வளவுதான் அவர் எடுத்துக்கொண்டது. அவருடைய ஆய்வு நாட்குறிப்பில் பத்திகளுக்கு எண் போட்டிருக்கிறார். கடைசி எண் 16041. தோற்றுப்போன சோதனைகளும் அதில் வரிசையாக இருக்கின்றன.

1836-லிருந்து கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் டிரினிட்டி ஹவுஸுக்கு ஆலோசகர், ஆண்டுக்கு 200 பவுண்டு. விளக்கறையில் கண்ணாடி வியர்த்து ஒளி மங்காமலிருக்கப் புகைபோக்கி அமைத்தது போன்ற சில்லறை வேலைகளைக்கூட அலுக்காமல் செய்தார். 1858 டிசம்பரில் சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்தில், அவர் கண்டுபிடித்த தத்துவத்தில் ஓடிய எந்திரத்தால் மின்விளக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 1860 பிப்ரவரியில் அதைச் சோதிக்க டோவர் போனார். பனி கொட்டிப் பாதை மூடியிருந்தது. 68 வயது மூப்பர் வேலிகளைத் தாண்டி, வயல் வழியே நடந்து போய்ச் சேர்ந்து, விளக்கைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதினார்.

ராயல் சொசைட்டித் தலைவர் பதவி வீடு தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1864-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் தலைவர் பதவியையும் அப்படியே. அதே ஆண்டு மூப்பர் பொறுப்பிலிருந்தும் விலகினார், ஞாபகம் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1858-இல் மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் கொடுத்த வீட்டில் கடைசி நாட்கள். 1867 ஆகஸ்டு 25 அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. 1991-இல் இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தார்கள். பணத்தை அவ்வளவு தூரம் தள்ளிவைத்தவர் முகம் பத்து வருஷம் எல்லார் பர்ஸிலும் இருந்தது. நியூட்டன் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவர் பெயருக்கு ஒரு கல் மட்டும் உண்டு. அடக்கம் நடந்தது ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், அரசுத் திருச்சபையைச் சேராதவர்களுக்கான பகுதியில். உறவினரும் மிகச் சில நண்பர்களும் மட்டும் வந்திருந்தார்கள். கல்லில் பெயரும் பிறந்த இறந்த தேதிகளும் இருக்கின்றன. 1879-இல் சாரா காலமானபோது அவரையும் அங்கேயே, பக்கத்தில் வைத்தார்கள்.